செடியிலேயே அறுத்த பழம்

இந்த ஃபிஜியில் புதிதாக விவசாயக் கள வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அன்னாசியைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். என்ன ரகம், கன்றை எப்படி நடுவது, எவ்வளவு உரம் என்பதெல்லாம் உங்கள் ஆபீஸ் அலமாரியில் அச்சடித்தே கிடக்கிறது. அதையே நானும் எழுதினால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். நான் எழுதப்போவது ஒரு தோட்டத்தையும் ஒரு வருடத்துப் பழத்தையும் பற்றி. தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்குப் பேசியவர்களில் பாதிப் பேர் பேசியது தமிழில். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் அதிகம். அவர்கள் மற்றவர்களுக்கு இந்தியில் சொல்லுங்கள். கை, கால், மூக்கு வைத்துச் சொல்லாமல் இருந்தால் சரி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாழைத்தாரைப் பச்சையாக வெட்டிச் சாக்கில் மூடி வைத்தால் பழுக்கும். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் பழுக்கும். அன்னாசி அந்த ஜாதி இல்லை. செடியில் நிற்கும் வரைக்கும்தான் அதற்கு இனிப்பு ஏறும். அறுத்த நிமிடத்தோடு அது நின்றுபோகும். பிறகு தோல் மஞ்சளாகலாம், சதை மெத்தென்று ஆகலாம், ஆனால் புளிப்பாகப் பறித்தது கடைசி வரைக்கும் புளிப்புதான். தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்துக் கனியவைக்க முடியாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, கல்யாணப் பேச்சு இழுத்துக்கொண்டே போகும்போது. அன்னாசிக்கு அது ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தும்.

நம் பக்கத்தில் இரண்டு ரகம். ஒன்று ஸ்மூத் கயேன். பெரிய பழம், இலையில் முள் கிடையாது, வெளுத்த சதை, நிறையச் சாறு, டின்னில் அடைக்கத் தோதானது. இன்னொன்று ரிப்லி குயின். சின்னப் பழம், ஆழமான கண்கள், தங்க நிறச் சதை, இலை ஓரமெல்லாம் முள். ராணி என்று பெயர் வைத்தவன் அந்தத் தோட்டத்துக்குள் அரைக்கால் சட்டையோடு இறங்கியவனாகத்தான் இருக்கவேண்டும். நம் பினாங்கு சர்க்கரை மில் பக்கத்து மேடுகளில் எல்லாரும் வைத்திருந்தது இந்த ராணியைத்தான். கீழே சமதரையில் கரும்பு, மேலே சரிவில் அன்னாசி. கன்று நட்டுப் பழம் வாயில் படுவதற்கு ஒன்றரை வருடமாவது ஆகும். ஆகவே ஒருவன் அன்னாசிக் கன்று நடுகிறான் என்றால், ஒன்றரை வருடம் கழித்தும் இங்கேதான் இருப்பேன் என்று நம்புகிறான் என்று அர்த்தம்.

ஒரே வருடத்தில் இரண்டு தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருடம், நம் இந்திய வம்சத்து ஜனங்களில் பலருக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆசிரியர், டாக்டர், கணக்கர் என்று ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய ஆபீசரும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். போகிற அன்று சாவிக் கொத்தை என் கையில் வைத்து, "தோலப் பாத்து ஏமாந்துராத, அடிப்பக்கத்த மோந்து பாரு" என்றார். அவ்வளவுதான் பதவி ஒப்படைப்பு. நான் தலைநகர் சுவாவில், சமபுலாப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். மாவட்டத்துக்கு வந்து முழுதாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. வான்கூவரில் இருந்த என் அண்ணன் வாரம் தவறாமல் போன் போட்டு, "இன்னும் அங்க என்னத்தப் புடிச்சித் தொங்கிக்கிட்டு இருக்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தப் பழக்காலத்தில் சுவா மார்க்கெட்டில் அன்னாசி மலைபோல் குவிந்தது. பாதிக்கு மேல் பச்சை. ஊரைவிட்டுப் போகிறவர்கள் பழுக்கும்வரை எங்கே காத்திருப்பார்கள்? கிடைத்தவரை லாபம் என்று தோட்டத்தை மொட்டையடித்துவிட்டு விமானம் ஏறினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயம் வந்தவனிடம் போய்ப் பழத்தின் பக்குவத்தைப் பேச முடியாது.

மாரிமுத்து அண்ணன் ஆபீசுக்கு வந்தது அப்போதுதான், ஒரு திங்கட்கிழமை காலை. கரும்புக்காரர். மேட்டில் ராணி அன்னாசி வைத்திருந்தார். அந்த மேடு பக்கத்து ஃபிஜியர் கிராமத்துக்குச் சொந்தம். அவருடைய அப்பா காலத்துக் குத்தகை அந்த வருடத்தோடு முடிகிறது. நீட்டிப்பதற்கு ஆயிரம் ஆபீஸ் இருந்தாலும், அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேடு போனால் வீடும் போகும், வீடு நின்றதே அந்த மேட்டில். மகன் ஆக்லாந்திலிருந்து வா வா என்கிறான். செல்லம்மா அக்கா, அவர் மனைவி, மேட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

ஃபிஜியர்களுக்கு முதல் விளைச்சல் என்றால் அது தலைவருக்கும் கோயிலுக்கும் சேரவேண்டியது. அண்ணனுடைய அப்பா அதைப் பார்த்து, தானும் வருடாவருடம் முதல் அன்னாசிகளை ஒரு கூடையில் அந்த ஊர்த்தலைவரிடம் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தார். யாரும் கேட்டதில்லை. புயல் அடித்த வருடம்கூட அடிபட்ட பழத்தைக் கொண்டுபோனாராம். இந்த வருடம் வறட்சியில் பூ தாமதமாக வந்தது, பழமும் தாமதம். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சர்ச்சில் முதல் விளைச்சல் காணிக்கை. சுவாவிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் பெரியவர்கள் எல்லாம் வருகிறார்கள். கும்பிட்டு முடித்த கையோடு நிலத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள்.

"தங்கச்சி, தோல மஞ்சளாக்குற மருந்து ஒங்க ஸ்டோர்ல இருக்குதில்ல? ஒரு டப்பா குடு. இன்னிக்கி அடிச்சா சனிக்கெழமக்குள்ள பளபளன்னு ஆயிரும்" என்றார் அண்ணன்.

மருந்து இருந்தது. டின் தொழிற்சாலைத் தோட்டங்களில் எல்லாப் பழமும் ஒரே நிறத்தில் வர அதை அடிப்பதுண்டு. சாவி என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல தோட்டத்தப் பாக்கலாம்ணே" என்றேன். எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் நேரம்.

மேட்டில் பழங்கள் கண் விரிந்து, நல்ல கனத்தோடு, கரும்பச்சையாக நின்றன. அடியை மோந்தேன். புல் வாசனைதான் வந்தது. அக்கா ஒன்றை அறுத்து ஒரு துண்டை என் வாயில் வைத்தாள். பல் கூசியது.

"இத அவங்க வாயில வச்சா என்ன நெனப்பாங்க?" என்றாள் அக்கா.

"வாயில யாரு வைக்கறா? எல்லாருக்கும் முன்னால கூடைய வைக்கப்போறோம். கலரப் பாத்துச் சந்தோசப்படுவாங்க" என்றார் அண்ணன்.

"ஒங்கப்பா வச்ச பழத்த அவங்க ஒரு தடவயாச்சும் தின்னாம உட்டாங்களா?"

"எங்கப்பா காலத்துல ரோட்ல துப்பாக்கி வச்சிக்கிட்டு எவனும் நிக்கல!" என் பக்கம் திரும்பினார். "ஒனக்கென்ன தங்கச்சி. மாசம் பொறந்தா சம்பளம் வருது. எனக்கு இந்த மேடு போச்சுன்னா அந்தக் கண்காணாத ஊர்ல மருமக கையால சோறு வாங்கித் திங்கணும்."

அவர் சொன்னது நியாயம். நான் மருந்தைக் கொடுத்திருந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். கொடுக்காமல் நிலமும் போயிற்று என்றால், வாழ்நாள் முழுக்க அந்தக் குடும்பம் என்னைச் சொல்லும். ஆனால் என் பல் இன்னும் கூசிக்கொண்டிருந்தது. வெளியே மஞ்சள், உள்ளே இந்தப் புளிப்பு. வேறு எந்த வருடமாவது இருந்தால் அது வெறும் புளித்த பழம். அந்த வருடத்தில் அதை ஏமாற்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"மருந்து தரமாட்டேன்ணே" என்றேன். "பழம் இல்லாமப் போங்க. இன்னும் பழுக்கலன்னு சொல்லுங்க. நானும் கூட வரேன்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

சனிக்கிழமை போனோம். ஞாயிற்றுக்கிழமை போக முடியாது. யாரும் வேலை செய்யக் கூடாது, வியாபாரம் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று புதிய சட்டம் வந்திருந்தது. ஊருக்குள் நுழையும்போது அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், நான் தோள்பையை இறக்கிக்கொண்டேன். அங்கே அது மரியாதை. புல்லெல்லாம் வெட்டி, நாளைய விருந்துக்கு விறகு அடுக்கியிருந்தது. ஊர்த்தலைவர் பாயில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைவிடச் சில வயது மூத்தவர். சின்ன வயதில் நம் ஆட்களோடு கரும்பு வெட்டியவர், இந்தி நம்மைவிட நன்றாகப் பேசுவார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

அண்ணன் முட்டிபோட்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க் கட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தார். விருந்தாளியாக யார் போனாலும் முதலில் அந்தக் கட்டைத்தான் வைக்கவேண்டும். தலைவர் எங்கள் பின்னால் கூடையைத் தேடினார்.

"பழம்?"

"இன்னும் பழுக்கல, துரங்கா." துரங்கா என்றால் ஐயா.

ஓர் ஓரத்தில், வேறு யாரோ கொண்டுவந்த அன்னாசிக் கூடை இருந்தது. ஜம்மென்று மஞ்சள். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பப் பழுக்கும்?" என்றார் தலைவர்.

"அடுத்த வாரக் கடைசியில" என்றேன்.

அவர் கைகளைக் குழித்து மெல்லத் தட்டி வேர்க்கட்டை ஏற்றுக்கொண்டார். வழக்கமாக டீ குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அன்று சொல்லவில்லை.

மறுநாள் சர்ச்சில் காணிக்கை நடந்தது, நிலப்பேச்சும் நடந்தது, எங்கள் பழம் இல்லாமல். என்ன முடிவு என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அண்ணன் என்னோடு பேசவில்லை. பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார் என்று அக்கா சொன்னாள். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து மேட்டுக்குப் போய், நாய்போல ஒவ்வொரு பழமாக மோந்துகொண்டிருந்தேன். உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும்: நீங்கள் எடுக்கும் முடிவு சரியா தவறா என்று தெரிய நாளாகும். அந்த இடைவெளியில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதைத் தாங்கப் பழகிக்கொள்ளுங்கள்.

வாரக் கடைசியில் அடிக்கண்கள் மஞ்சளாயின. சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் வாசனை கிளம்பியது, முழு வாசனை இல்லை.

"இப்பவே பறிச்சிரலாம். நாளைக்கித் தொடக்கூடாது" என்றார் அண்ணன். அந்த வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நாளைக்கித்தான்ணே பக்குவம். பொறுத்து திங்கக்கெழம பறிங்க."

"சட்டம் போட்டவன் இந்தச் சனியன் புடிச்ச அன்னாசிகிட்டயும் சொல்லியிருக்கலாம்ல" என்று திட்டிக்கொண்டே போய்ப் படுத்தார்.

பஸ் போய்விட்டதால் அன்று நானும் அங்கேயே தங்கினேன். ஞாயிறு காலை மில்லின் சங்கும் ஊதவில்லை, லாரிச் சத்தமும் இல்லை. மேடு முழுக்க அன்னாசி வாசனை. அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள், வாசலுக்கு வந்து ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, "வந்துட்டா" என்றாள், மகள் வந்ததைச் சொல்வதுபோல.

உச்சி வேளைக்குச் சற்று முன், கரும்புக்கு நடுவே மூன்று பேர் வருவது தெரிந்தது. வேட்டிபோல இடுப்பில் சுலு கட்டி, டை கட்டி, கையில் பைபிளோடு, சர்ச்சிலிருந்து நேராக. நடுவில் ஊர்த்தலைவர். அண்ணன் அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"காலி பண்ணச் சொல்ல வராங்க" என்றார்.

தலைவர் வீட்டுக்குள் வரவில்லை. மேட்டிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

"பழுத்திருச்சா?"

"பழுத்திருச்சு துரங்கா. ஆனா இன்னிக்கிப் பறிக்கக்கூடாதே. ஞாயித்துக்கெழம..." வீடு தேடி வந்தவர்களுக்குப் பழம் இல்லை என்பதா? பறித்துக் கொடுத்துச் சட்டத்தை மீறுவதா, அதுவும் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர் கண்ணெதிரே?

தலைவர் யோசித்தார். பிறகு அக்காவிடம் கத்தி கேட்டார். டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, முள்ளுக்குள் இறங்கிக் குனிந்து, பழம் செடியில் நிற்கும்போதே அதன் பக்கவாட்டில் ஒரு துண்டு அறுத்தார். வாயில் போட்டு மென்றார். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது.

"நான் பறிக்கல. பாரு, பழம் செடியிலதான் இருக்கு" என்றார்.

கூட வந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. அவருக்கும் ஒரு துண்டு, மற்றவருக்கும் ஒரு துண்டு, அக்காவுக்கும் எனக்கும். அந்த இனிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. கடைசித் துண்டை அண்ணன் கையில் வைத்துவிட்டுத் தலைவர் சொன்னார்:

"நெலத்தப் பத்திப் போன ஞாயித்துக்கெழமயே பேசி முடிச்சாச்சு. நீ இருக்கலாம். அன்னிக்கி மஞ்சப் பழம் கொண்டாந்தானே ஒருத்தன், அவன் பழத்தத் தின்னு எங்க பெரியவங்களுக்கெல்லாம் மொகம் கோணிப்போச்சு. அவன் டிக்கெட் வாங்கிட்டான்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. போறவன்தான் பச்சையாப் பறிப்பான். நீ வெறுங்கையோட வந்து பழுக்கலன்னு சொன்ன. இவன் இருக்கப்போறவன்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

மாரிமுத்து அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஐயோ, முள்ளு மேல உக்காராதீங்க" என்று அக்கா அதட்டினாள், அவளும் அழுதுகொண்டே. நானும் அழுதேன். என்னை நம்பாமலும் என் பேச்சைக் கேட்ட அந்த மனிதருக்கும், புளிப்பைப் புளிப்பு என்று சொன்ன அந்த அக்காவுக்கும், கத்தி வாங்கிய அந்தக் கைக்கும் நான் பட்ட நன்றிக்கடன் இன்றுவரை தீரவில்லை. அந்த வாரம் வான்கூவரிலிருந்து என் அண்ணன் போன் போட்டபோது, நான் வரவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டான். இங்கே பழுக்கவேண்டியது இன்னும் இருக்கிறது என்றேன். பைத்தியம் என்று போனை வைத்துவிட்டான்.

கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் இந்த நாட்டில் வேலை செய்யப்போகிறவர்கள், மீதியும் தெரியவேண்டும்.

பல வருடம் கழித்து ஒரு மே மாதம், மறுபடியும் ஆட்சிக் கவிழ்ப்பு. இந்தத் தடவை செல்லம்மா அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது, ஆக்லாந்தில்தான் வைத்தியம். அக்காவை மகன் உடனே அழைத்துப்போனான். அண்ணனுக்கும் டிக்கெட் போட்டிருந்தான். அண்ணன் போகவில்லை. மேட்டில் பழம் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. மகன் போனில் கத்தினான். "அம்மாவ விட அன்னாசி பெருசா போச்சா?" என்று கேட்டானாம். "அவதான்டா இருந்து மொதப் பழத்தத் தலைவருக்குக் குடுத்துட்டு வரச் சொன்னா" என்றாராம் அண்ணன்.

டிசம்பரில் பழம் பழுத்தது. கூடை நிறைய எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனோம். தலைவருக்கு வயதாகிக் கண்பார்வை மங்கியிருந்தது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அடியை மோந்தார்.

"நல்லாப் பழுத்திருக்கு. எப்பப் போற?" என்றார்.

"நாளன்னிக்கி, துரங்கா."

அவர் பழத்தைக் கீழே வைக்கவே இல்லை. "போறவன்தான் பச்சையாப் பறிப்பான்னு அன்னிக்கிச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே மண்ணைத் தோண்டி நட்டார். கொண்டையிலிருந்து வரும் செடி பக்கக் கன்றைவிட மெதுவாகத்தான் காய்க்கும். அது அவருக்கும் தெரியும்.

"இது காய்க்க ரெண்டு வருசம் ஆகும். வந்து தின்னுட்டுப் போ" என்றார்.

வந்தார். அக்கா தேறியிருந்தாள், பயணம்தான் முடியவில்லை. அண்ணன் மட்டும் குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், நாந்தி விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார், மார்க்கெட்டில் வாங்கிய யங்கோனா கட்டோடு. நானும் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டமெல்லாம் எடுத்து வெகு காலம் ஆகியிருந்தது. வாசலில் அந்த ஒற்றைச் செடியில் ஒற்றைப் பழம், முக்கால்வாசி மஞ்சள், தெருவரைக்கும் வாசனை.

தலைவர் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து கத்தியை வாங்கினார். குனிந்து, பழத்தை விரலால் தடவிப் பார்த்து, அது செடியில் நிற்கும்போதே ஒரு துண்டு அறுத்து அண்ணன் கையில் வைத்தார்.

அன்று புதன்கிழமை.